ஆளுக்கு ஒரு விளக்கு

“ரெண்டு விளக்கு குடுங்க சார்.”

“ஆளுக்கு ஒண்ணுதான் டீச்சர். ஒரு விளக்குல ஒரு பேருதான் எழுதணும்.”

“என் வீட்ல ரெண்டு பேரு போயிட்டாங்களே சார். அவரு, பொண்ணு. ஒரே விபத்து.”

குடியிருப்போர் சங்கச் செயலாளர் தலையைச் சொறிந்தார். போனவர்களின் நினைவாக ஏரியில் காகித விளக்கு விடும் நிகழ்ச்சி அது.

“தெரியும் டீச்சர். உங்களுக்குக் குடுத்தா எல்லாரும் கேப்பாங்க. தப்பா எடுத்துக்காதீங்க.”

டீச்சர் ஒற்றை விளக்கோடு நகர்ந்தார். புருஷனா, பொண்ணா? இப்படி ஒரு பரீட்சையை எதிரிக்கும் வைக்கக் கூடாது.

அப்போதுதான், இதுவரை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த கீழ்வீட்டுக்காரி வரிசையில் வந்து நின்றாள். மாடியில் காயப்போட்ட துணி கீழே சொட்டியதில் ஆரம்பித்த சண்டை. அதோடு இருவருக்கும் பேச்சு நின்றுபோனது. சாவுக்கு வந்தபோதுகூட அவள் வாசலோடு திரும்பிப் போய்விட்டாள்.

“எனக்கும் ஒண்ணு குடுங்க சார்.”

டீச்சருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பக்கத்தில் நின்ற பெண்ணிடம், கீழ்வீட்டுக்காரி காதில் விழும்படியே சொன்னார்.

“புருஷன், பசங்க, மாமியார்னு எல்லாரும் கல்லுக்குண்டாட்டம் இருக்காங்க. இவளுக்கு எதுக்கு விளக்கு? போட்டோ புடிச்சுப் போடவா?”

கீழ்வீட்டுக்காரி பேனாவை வாங்கி, குனிந்து எழுதினாள்.

டீச்சர் மகளின் பெயரை எழுதி, விளக்கைத் தண்ணீரில் விட்டார். அது ஆடி ஆடி நகர்ந்தது. புருஷனை வீட்டுக்குள் வைத்துப் பூட்டிவிட்டு வந்ததுபோல் இருந்தது.

சுற்றிலும் குடும்பம் குடும்பமாக நின்று, ஒருவர் தோளில் ஒருவர் சாய்ந்து அழுதார்கள். டீச்சருக்குச் சாய ஆளில்லை. வீட்டுக்குப் போனாலும் பேச்சுக் குரல் கேட்க டிவியைத்தான் போட வேண்டும். அப்படியே ஏரிக்கரைப் படியில் உட்கார்ந்துவிட்டார்.

பக்கத்தில் யாரோ குனிந்து இன்னொரு விளக்கை விட்டார்கள். அது மகளின் விளக்கை ஒட்டியே நகர்ந்தது. அதிலிருந்த எழுத்தை டீச்சர் கண்ணைத் துடைத்துக்கொண்டு படித்தார்.

‘மாடிவீட்டு அண்ணன்.’

திடுக்கிட்டு நிமிர்ந்தார். கீழ்வீட்டுக்காரி தண்ணீரைப் பார்த்தபடியே சொன்னாள்.

“அண்ணன் பேரு தெரியாது டீச்சர். பாப்பா தனியாப் போக வேணாமேன்னு…”