நாலாவது தோள்

அஞ்சுகம் மணல் மூட்டையைத் தோளில் ஏற்றி, முதுகு வளையாமல், மூச்சைச் சீராக விட்டபடி கூடத்தில் நடந்தாள். அரைமூட்டையில் தொடங்கியவள், தோள் பழகப் பழக மணலைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தாள். கட்டிலில் கிடந்த அம்மா அவள் நடையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"பொம்பள பாடை தூக்குறதாவது!" என்றார் வாசலில் நின்ற சித்தப்பா. "எம் பயலுவ நாலு பேரு எதுக்கு இருக்கானுவ?"

"மூணு மூலைய அவங்க புடிக்கட்டும். எங்கம்மாவுக்குத் தலைமாட்டுல நான்தான்." மூட்டையை அவள் இறக்கவில்லை.

"கேட்டீங்களா அண்ணி, ஒங்கள உயிரோட வச்சிக்கிட்டே இவ பேசுற பேச்ச?"

அம்மா முழங்கையை ஊன்றித் தலையைத் தூக்கினாள். அவர் பக்கம் திரும்பவே இல்லை.

"பச்ச மூங்கில் கனக்கும்டி," என்றாள் மகளிடம். "இன்னும் கொஞ்சம் மணலப் போடு."