கதவில் ஒட்டிய முகம்

லண்டன் வாடகைக்குப் பென்ஷன் போதாமல் தில்லைநாயகமும் செண்பகமும் பல்கேரியாவில் ஒரு சிற்றூருக்குக் குடிவந்திருந்தார்கள். இங்கே வாடகை அதில் பாதிகூட இல்லை. அவர்கள் வீட்டில் முன்பு குடியிருந்து இறந்துபோன கிழவரின் அஞ்சலித் தாள், படத்தோடு வாசல் கதவிலேயே ஒட்டியிருந்தது. அந்த ஊர் வழக்கம் அது. வந்த நாளிலிருந்து அதைக் கிழிக்கச் சொல்லிக்கொண்டிருந்தவள் செண்பகம்தான். நேற்றைய மழையில் தாள் தானாக விழுந்தது. இன்று அவள் மைதாப் பசை காய்ச்சிக்கொண்டிருந்தாள்.

"விட்டது சனின்னு இரேன். யாரோ எவரோ," என்றார் தில்லைநாயகம்.

"திரும்ப ஒட்ட ஒருத்தரும் வரலியே. நாளைக்கு நமக்கும் யாரோ எவரோதானங்க ஒட்டணும்."

அவர் தாளின் மேல்முனையைப் பிடித்துக்கொடுத்தார். கிழவரின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எங்கிட்ட நல்லதா ஒரு போட்டோகூட இல்லையே, செண்பா."