எட்டிக் குதிச்சு ஓடினவன்

"எல்லாத்தையும் தின்னுப்புட்டு எட்டிக் குதிச்சு ஓடினவனே" என்ற பாட்டு ஒலிக்காத கல்யாண விருந்து மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்தில் கிடையாது. வெகுஜன இசை ஆய்வில் முதுகலைப் பட்டத்துக்கு ரோகினி எடுத்துக்கொண்டதும் அதைத்தான்.

பாட்டில் ஓடியவன் ரப்பர் தோட்டத்தைச் சுரண்டிவிட்டுப் போன முதலாளி என்று கட்டுரை எழுதித்தான் அவளுடைய வழிகாட்டி யோகேந்திரன் பேராசிரியரே ஆனார். "வரிகளே போதும்மா. எழுதின ஆளைத் தேடி அலையாதே" என்று அவர் பலமுறை சொல்லியும் ரோகினி கேட்கவில்லை. பாட்டு முதலில் கேட்ட லிங்கி தோட்டம் முழுக்க விசாரித்து, பக்கத்து ஊரான லுக்குட்டில் தையல் கடை வைத்திருந்த மயிலம்மாளைக் கண்டுபிடித்தே விட்டாள்.

"ஆன்ட்டி, நீங்க எழுதின பாட்டுல வர்ற முதலாளி யாரு?"

மயிலம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"முதலாளியா? என்னைப் பொண்ணு பாக்க வந்தவன்லா! தட்டுல இருந்த கேசரி, வடை எல்லாத்தையும் முழுங்கினான். பொண்ணப் புடிச்சிருக்கான்னு எங்கப்பா கேட்டாரு. கை கழுவிட்டு வரேன்னு போனவன், வேலியத் தாண்டி ஓடியே போயிட்டான். அந்தக் கடுப்புல எழுதினேன். யாரோ கேசட்டுல போட்டுட்டாங்க."

ரோகினியின் இரண்டு வருட ஆய்வு கேசரியில் போய் விழுந்துவிட்டதே!

"யாரு ஆன்ட்டி அந்த ஆளு?"

"பெடாஸ் தோட்டத்துல கணக்கு எழுதின கிராணியோட மவன், யோகேந்திரன். இப்ப ஏதோ யூனிவர்சிட்டில பாட்டப் பத்திப் பாடம் நடத்துறானாம்."

ரோகினி நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஒலிப்பதிவு ஓடிக்கொண்டிருந்த கைப்பேசியை மயிலம்மாளின் வாயருகே நகர்த்தினாள்.

"பேர மட்டும் இன்னொரு தடவை தெளிவா சொல்லுங்க ஆன்ட்டி."