மேலாளர் மேசைச் செடி

"பாத்தியா, இந்த வாரமும் எடுத்துட்டான்."

அக்கவுண்டன்ட் கம்ப்யூட்டருக்குப் பின்னாலிருந்து கண்ஜாடை காட்டினாள். வரவேற்பில் இருந்தவள் எட்டிப் பார்த்தாள்.

மேலாளரின் அறையில், உதவி மேலாளர் அந்தக் காற்றுச் செடியைத் தன் டிபன் பாக்ஸுக்குள் வைத்துக்கொண்டிருந்தார். மண்ணும் வேண்டாம், தொட்டியும் வேண்டாம், வாரம் ஒருமுறை தண்ணீரில் முக்கி எடுத்தால் போதும் என்று மேலாளர் ஆசை ஆசையாய் வளர்த்த செடி. அவர் ஆஸ்பத்திரியில் படுத்ததிலிருந்து அந்த நாற்காலியில் உதவி மேலாளர்தான். அதிகம் பேசமாட்டார். அதனால் ஆபீஸ் வைத்த பேர், ஊமைக்கோட்டான்.

"வெள்ளிக்கிழமை ஆனா கொண்டு போறான், திங்கக்கிழமை கொண்டாந்து வைக்கிறான். எதுக்கு?"

"தண்ணி காட்டவா இருக்கும்."

"இங்க குழாய்ல தண்ணி வரலையா? செடி அடியில குட்டி விட்டிருந்துச்சுடி. அதைப் பிச்சு வீட்டுல வளர்க்கிறான். நாற்காலியைப் பிடிச்சாச்சு, அடுத்தது செடி. ஆடு நனையுதேன்னு ஓநாய் அழுத கதை."

"மேனேஜர் அக்காகிட்ட சொல்லிட வேண்டியதுதானே?"

"சொல்லத்தான் போறேன். என்னைக் கூடப்பிறந்தவளா நினைக்கிறாங்க. நான் கேக்கலைன்னா அவங்களுக்கு வேற யார் இருக்கா?"

துப்பறிகிற மும்முரத்தில் அவளுடைய கணக்கு வேலைதான் வாரக்கணக்கில் பின்தங்கிக் கிடந்தது.

உதவி மேலாளர் வெளியே வந்ததும் வாசலில் மறித்தாள்.

"என்ன சார், டப்பாவுல?"

"செடி."

"எங்க போகுது?"

"திங்கக்கிழமை வந்துடும்மா."

அவர் பாட்டுக்குப் படியிறங்கிப் போய்விட்டார். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அங்கேயே நின்று மேலாளருக்குப் போன் போட்டாள்.

"அக்கா, மனசு கேக்கல, சொல்லிடறேன். உங்க செடியை அந்த ஆளு..."

"கிளம்பிட்டாரா?"

"உங்களுக்குத் தெரியுமாக்கா?"

"வாரா வாரம் இங்கதானே கொண்டு வர்றார். மண்ணுத் தொட்டின்னா வார்டுக்குள்ள விடமாட்டாங்க. இதுல மண்ணே இல்லையேன்னு நர்ஸம்மாகிட்ட மன்றாடி அனுமதி வாங்கினார். ரெண்டு நாள் என் ஜன்னல்ல இருக்கும். அதுக்கு மேல வச்சா ஏசியில காய்ஞ்சிடும்னு எடுத்துட்டுப் போயிடறார்."

அவள் படிப் பக்கம் எட்டிப் பார்த்தாள்.

"இப்ப மொட்டு விட்டிருக்கு. இந்தச் செடி ஆயுசுலயே ஒரு தடவைதான் பூக்குமாம். நான் பாக்காம அது பூத்துடக் கூடாதேன்னு கெடந்து தவிக்கிறார், பாவம்."

மேலாளர் கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டார்.

"அது கெடக்கட்டும். ஆபீஸ்லேர்ந்து அவரைத் தவிர ஒருத்தரும் எட்டிப் பாக்கலையே. நீ எப்பம்மா வரப்போற?"