பி.டி. மாஸ்டர் விழுந்துவிட்டார்

“ஏன்னா, எப்படி விழுந்தேள்னு நீங்களே உங்க பொண்ணுகிட்ட சொல்லுங்கோ!”

மைத்ரேயி இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. அதற்குள் அம்மா வத்ஸலா ஆரம்பித்துவிட்டாள். ஃபோனில் விஷயம் தெரிந்ததும் கல்லூரிக்கு லீவு சொல்லிவிட்டு, துவாக்குடியிலிருந்து ஸ்ரீரங்கத்துக்குக் காரை விரட்டிக்கொண்டு வந்திருந்தாள் மைத்ரேயி.

கூடத்து நாற்காலியில் அப்பா பராசரன் உட்கார்ந்திருந்தார். வலது மணிக்கட்டில் கிரேப் பேண்டேஜ்.

“பாத்ரூம்ல வழுக்கிடுத்தும்மா” என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு.

மைத்ரேயியால் நம்ப முடியவில்லை. முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் பி.டி. மாஸ்டராக இருந்தவர். எழுபத்தாறு வயதிலும் விடிந்தால் அம்மா மண்டபம் வரை நெஞ்சை நிமிர்த்தி நடந்துபோய் வருகிறவர்.

“தெருவே சிரிக்கறது. காய்கறிக்காரி லூர்துராணிகூட, ‘சாரா விழுந்தாரு?’ன்னு கேக்கறா” என்றாள் அம்மா.

“நீ சொல்லாம அவளுக்கு எப்படிம்மா தெரியும்?”

“நானாத்தான் சொன்னேன். அதுக்கென்ன? எனக்குந்தான் எழுபத்திரண்டு ஆறது. இன்னிக்கும் ஒத்தையா தாயார் சன்னதிக்குப் போய்ச் சேவிச்சுட்டு வரேன். வழுக்கறதாம், வழுக்கறது! பார்த்து நடந்தா ஏன் வழுக்கறது?”

அப்பா வாயே திறக்கவில்லை. மைத்ரேயிக்கு அதுதான் பயமாக இருந்தது. யாராவது ஒரு வார்த்தை சொன்னால் பதிலுக்கு ஒன்பது சொல்கிற மனிதர். கூட வேலை பார்க்கும் பெலிண்டாவின் மாமியார் ஞாபகத்துக்கு வந்தார். குளியலறையில் விழுந்து இடுப்பு எலும்பை உடைத்துக்கொண்டு படுத்தவர்தான், அப்புறம் எழுந்திருக்கவே இல்லை.

உடனே பிளம்பருக்கு ஃபோன் போட்டாள். மத்தியானமே டிரில்லிங் மெஷினோடு வந்துவிட்டார் முஜிபுர் ரஹ்மான்.

“சார், கைப்பிடிக் கம்பி இந்த உயரத்துல சரியா இருக்கா?”

“இன்னும் கொஞ்சம் இறக்குங்கோ.”

“ஆறடி ஆளுக்கு இதே தாழ்வு சார்.”

“விழறவனுக்குக் கீழதான் பிடிமானம் வேணும். இறக்குங்கோ.”

குளியலறையில் இரண்டு கம்பி மாட்டியாயிற்று. ஈரத்தில் வழுக்காத பாய் போட்டாயிற்று. சமையலறைப் படிக்கும் ஒரு கம்பி வேண்டும் என்று அப்பா சொன்னதும் அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

“தளிகை பண்ற இடத்துல உங்களுக்கு என்ன வேலை?”

“தாகமெடுத்தா தீர்த்தம் எடுக்க வரமாட்டேனா?”

“வீட்டை ஆஸ்பத்திரியாவே மாத்தியாச்சு. என்ன பண்றது, விழுந்த மனுஷனுக்கு வேண்டியிருக்கே!” என்றபடி அம்மா குளியலறைக்குள் போய்க் கம்பியைப் பிடித்து இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். மைத்ரேயி கவனிப்பதைப் பார்த்ததும், “கெட்டியா மாட்டியிருக்காரான்னு பார்த்தேன்” என்றாள்.

முஜிபுர் ரஹ்மான் சிரித்தார். “கெட்டியாத்தாம்மா இருக்கும். இந்த மாசத்துல இது எட்டாவது வீடு. மத்த ஏழு வீட்டுலயும் இடுப்பு உடைஞ்சப்புறம்தான் கூப்பிட்டாங்க. கையோட உஷாரானது சார் ஒருத்தர்தான்.”

“எக்ஸ்ரே எடுத்தாத்தான் கையும் எப்படி இருக்குன்னு தெரியும். கிளம்புங்கோப்பா” என்றாள் மைத்ரேயி.

“வெறும் சுளுக்கு. ரெண்டு நாள்ல சரியாயிடும்.”

“இந்த வீராப்புதான் வேண்டாம்கறேன்!” என்று அம்மா விரட்டினாள். காரில் ஏற்றிவிட்டு, எதிர்வீட்டு மாமிக்கும் கேட்கும்படி, “இறங்கறச்சே பார்த்துக் காலை வைங்கோ!” என்று குரல் கொடுத்தாள். அப்பா தலையைக் குனிந்துகொண்டார். மைத்ரேயிக்குப் பாவமாக இருந்தது.

கார் காவிரிப் பாலத்தில் ஏறியது. அப்பா ஒரு தடவை பின்னால் திரும்பிப் பார்த்தார். பிறகு பேண்டேஜை நிதானமாகப் பிரித்துச் சுருட்டிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மணிக்கட்டை வலப்பக்கம் நான்கு சுற்று, இடப்பக்கம் நான்கு சுற்று சுழற்றினார்.

“எக்ஸ்ரேயெல்லாம் வேண்டாம். நல்ல காபியா ஒண்ணு வாங்கிக் குடு. திரும்பறச்சே இதை மறுபடி சுத்தி விட்டுடு.”

மைத்ரேயி காரை ஓரம் கட்டினாள். “அப்பா! அப்போ நீங்க விழவே இல்லையா?”

“போன மாசம் ரெண்டு தரம் விழுந்தது உங்கம்மா. சத்தம் கேட்டு ஓடினா, ‘வாளி விழுந்தது’ங்கறா. கம்பி போடலாம்னதுக்கு, ‘நான் என்ன கிழவியா?’ன்னு மூணு நாள் என்னோட பேசலை. அதான், அவளுக்குப் பதிலா நான் விழுந்துட்டேன்.”