இன்ஜினுக்குப் புது முதலாளி

பழைய நீராவி ரயில் இன்ஜினின் உரிமையாளர் இறந்ததும், அவருடைய பிள்ளைகள் அதை ஏலத்துக்கு விட்டுக் கொட்டகையைப் பூட்டினார்கள். யார்க்‌ஷயரில் சம்பளமின்றி அதைப் பழுது பார்த்துவந்த செட்ரிக், அன்றுமுதல் வீட்டோடு தங்கி, மனைவி மார்ஜரியின் சமையலறையைச் சீர்திருத்தத் தொடங்கினார்.

"ஏங்க, டீத்தூள் டப்பா எங்கே?" என்றாள் மார்ஜரி.

"எல்லாத்தையும் உயர வரிசையில அடுக்கிட்டேன். கதவுக்கெல்லாம் கிரீஸ் போட்டாச்சு. அடுத்து உன் அடுப்பைத்தான் கழட்டப்போறேன்."

"ஐயோ, அதைத் தொடாதீங்க! எல்லாம் அந்தத் துருப்பிடிச்ச சனியனால வந்த வினை!"

தொலைபேசி மணி அடித்தது. எடுத்துக் கேட்ட செட்ரிக்கின் முகம் மலர்ந்தது.

"மார்ஜரி! இன்ஜினை யாரோ வாங்கிட்டாங்களாம். இங்கேயேதான் இருக்குமாம். நான்தான் பழுது பார்க்கணுமாம்! பேரைச் சொல்லாத அந்தப் புண்ணியவான் நல்லா இருக்கணும்!"

ரிசீவரை அப்படியே தொங்கவிட்டு, தொப்பிகூடப் போடாமல் அவர் ஓடினார்.

மார்ஜரி ரிசீவரை எடுத்தாள்.

"கிளம்பிட்டாரா, முதலாளியம்மா?" என்றார் மறுமுனையில் இருந்த ரயில் ஆர்வலர் சங்கச் செயலாளர் நார்மன்.

"பறந்துட்டார். எங்கப்பா குடுத்த இன்னொரு வீட்டை வித்து வாங்கியிருக்கேன், நார்மன். வேலை முடியுற மாதிரி தெரிஞ்சா, நாலு போல்ட்டைக் கழட்டி ஒளிச்சு வச்சிடுங்க."