உப்புத் தண்ணீர்ப் பரணி

பாறசாலை ஜெஸி அக்காள் இதை எனக்கு முதலில் சொன்னது ஐம்பத்தெட்டில், என் மூத்த மகளின் ஞானஸ்நானத்துக்கு வந்த அன்று. நடந்தது அதற்கு நாலு வருஷம் முந்தி, திருவிதாங்கூரின் தமிழ்த் தாலுகாக்களைச் சென்னை ராஜ்யத்தோடு சேர்க்கச் சொல்லி எல்லைப் போராட்டம் கொதித்துக்கொண்டிருந்த நேரம்.

அவர்கள் சபையின் அறுப்புப் பண்டிகை நாடகத்தில் ஈசாக் சார்தான் கஞ்சப் பிரபு. எழுதியதும் அவரே. கடைசியில் பிரபு பாவத்தோடு சாகவேண்டும். தலைக்குமேல் எரியும் பல்பு மெல்ல மெல்ல மங்கி அணையவேண்டும்.

அதற்காகவே நெய்யாற்றின்கரையிலிருந்து லைட்டுக்காரன் கிருஷ்ணன்குட்டியை வரவழைத்திருந்தார்கள். அவன் சாதனம் ஊறுகாய் போடுகிற ஒரு பீங்கான் பரணி. உள்ளே உப்புத் தண்ணீர், அடியில் ஒரு ஈயத் தகடு, கயிற்றில் இன்னொன்று. கயிற்றை இழுத்து மேல்தகட்டைத் தூக்கினால் விளக்கு மங்கும். உப்பு கூடினால் மங்காது. வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் இதைச் சொல்லிக் காட்டினான்.

முதல் ஒத்திகையில் சார் உருக்கமாகச் செத்தார். விளக்கு மங்கவில்லை. பரணி சோற்றுப்பானைபோலக் கொதித்தது. அத்தனை வெளிச்சத்தில் சார் செத்துக் கிடக்க, பாடகர் குழு வாயைப் பொத்திச் சிரித்தது.

மறுநாள் கிருஷ்ணன்குட்டி புது வயர் போட்டான், ஃபியூஸ் மாற்றினான், தகடுகளைத் தேய்த்து மினுக்கினான். சார் இன்னொரு தடவை செத்தார். அப்போதும் அதே கொதிப்பு.

அவன் பிளக்கைப் பிடுங்கிவிட்டு, தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்தான்.

"சாரே, கோட்டுகால் கடலுக்கும் இத்தற உப்பு இல்லை. ஞான் இட்டது அரைச் சிரட்டையாக்கும்."

"பின்னே மிச்ச உப்பு நடந்து வந்ததோ?"

சாருக்குச் சந்தேகமே இல்லை. இவன் அந்தப் பக்கத்து ஆள், மலையாளத்தான். மேடையில்கூடத் தமிழனை ஒழுங்காகச் சாகவிடமாட்டான். இனி ஒருதரம் பிழை வந்தால் பாறசாலை முதல் வெள்ளறடை வரை எந்தச் சபையும் கூப்பிடாதபடி காகிதம் எழுதுவேன் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். கிருஷ்ணன்குட்டி வீட்டில் அடுப்பு எரிந்ததே அந்தச் சபைகளை நம்பித்தான்.

நாடகத்தன்று விளக்கு பட்டுப்போல மங்கியது. சார் கண்ணை மூடிக்கொண்டு திருப்தியாகக் கிடந்தார். அப்போது பெண்கள் பக்கத்திலிருந்து "ஸ்தோத்திரம்" என்று விம்மல் கேட்டது.

அரைக்கண் திறந்து பார்த்தார். மேடை முழுக்க இருட்டு. அவர் தலைமாட்டில் மட்டும் ஒரு சிம்னி விளக்கு. நரகத்துக்குப் போகவேண்டிய பிரபு, பரிசுத்தவான்போல ஜொலித்துக்கொண்டு கிடந்தார்.

திரை விழுந்ததும் பாய்ந்து வந்தார். "எலே, இதை ஆருலே வச்சது?"

"ஞானாக்கும் சாரே. தப்பு பற்றிப்போச்சு."

சொன்னபடியே காகிதம் போயிற்று. அந்தக் கிறிஸ்துமஸுக்கு ஒரு சபையும் கிருஷ்ணன்குட்டியைக் கூப்பிடவில்லை.

நாடகத்தன்று காலையில் பரணிப் பக்கத்தில், முந்தானை நிறைய உப்போடு அவன் கையில் அகப்பட்டது ராஜபாய் அக்காள். ஈசாக் சாரின் வீட்டுக்காரி.

"கெட்டினவரு தலைமாட்டிலே வெளக்கு அணையதைப் பாக்க எனக்கு ஏலாது மக்கா, நாடகமானாலும்" என்று அழுதிருக்கிறாள். "உப்பு இட வேண்டா அக்கா, வீட்டிலேருந்து ஒரு சிம்னி கொண்டு வாங்க" என்று அனுப்பியிருக்கிறான் அவன்.

காகிதம் போனபிறகு, சாரிடம் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன் என்று அவள் துடித்தபோதும் அவன்தான் தடுத்தானாம். "ஊரிலே ஒரு எல்லைச் சண்டை போதும் அக்கா. வீட்டுக்குள்ளே வேறே வேண்டா."

ஈசாக் சாருக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. அந்தப் பக்கத்துச் சதி என்று இன்றைக்கும் கூட்டம் கூட்டிச் சொல்லிக்கொண்டிருக்கிறார். இந்தப் பக்கத்தை மட்டும் அவர் கண்ணில் காட்டிவிடாதீர்கள்.